மூணாவது சவுண்ட் கார்டு

"இதையும் மாத்தியாச்சு. இப்ப கேட்டுப் பாரும்மா" என்று ஹெட்போனை நீட்டினான் காளிராஜ். ஒரே மாசத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு அவன் போட்டிருக்கும் மூணாவது சவுண்ட் கார்டு அது.

அழகுத்தாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். செத்த நேரம் கழித்து உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் டப்பு டப்புங்குதுண்ணே."

காளிராஜுக்கு அப்படியே தரையில் காலை நீட்டிப் படுத்துவிடலாம் போல இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே ராஜபாளையம் வருவது இது அஞ்சாவது நடை. கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றிக் குத்தியாயிற்று, அதற்குரிய டிரைவர் புரோகிராமை அழித்து மறுபடி ஏற்றியாயிற்று. எர்த் சரியில்லையோ என்று எலெக்ட்ரீசியனைக் கூட்டிவந்து கொல்லையில் குழி தோண்டிப் புதுக் கம்பிகூட இறக்கியாயிற்று. அந்தச் சனியன் பிடித்த சத்தம் மட்டும் போனபாடில்லை.

கொடுமை என்னவென்றால், அவன் காதில் மாட்டினால் ஒன்றும் கேட்பதில்லை. அவள் மாட்டினால் மட்டும் சோளம் பொரிகிற மாதிரி பொரிகிறதாம். மனுஷன் நொந்து நூலாகிப் போயிருந்தான்.

எப்படியோ போ என்று விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்ததை மதுரையில் ஒரு கம்பெனி வாராவாரம் சி.டி.யில் அனுப்பும். அதைக் காதால் கேட்டு, டைப் அடித்து, பிளாப்பியில் திருப்பி அனுப்புவதுதான் அவளுக்கு வேலை. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

ஒன்றரை வருசம் ஒரு குறை சொல்ல இடமில்லாமல் ஓடியது. இப்போது ரெண்டு மாசமாக எல்லாம் தப்பும் தவறுமாகப் போகிறது. திங்கட்கிழமை வருவதிலும் தப்பு இருந்தால் இனிமேல் சி.டி. அனுப்ப மாட்டோம் என்று கடிதமே போட்டுவிட்டார்கள். அந்த வேலையும் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

அவளுடைய அப்பா பால்சாமி, நூல் மில்லில் ஓயாமல் இரைகிற ரிங் பிரேம் மிசின் பக்கத்திலேயே இருபத்தெட்டு வருசம் நின்றுவிட்டு வந்தவர். முக்கால்வாசிக் காது அங்கேயே போய்விட்டது. முன்னறையில் டி.வி.யைத் தெரு முனைவரை கேட்கும்படி அலற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே ஒருத்தன் மண்டை காய்வது அவருக்கு எப்படித் தெரியும்?

காளிராஜ் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தான். வைத்த வேகத்தில் பிடுங்கினான். அமெரிக்க டாக்டர் காதுக்குள்ளேயே நின்று கத்தினார். "இம்புட்டுச் சத்தமாவா வைப்பாக? காது என்னத்துக்கு ஆகும்?" என்று கடிந்துகொண்டே பாதியாகக் குறைத்தான்.

"என்னண்ணே?" என்றாள். அவன் இன்னொரு தடவை சொன்னான்.

"அப்பா டி.வி.யத் தாண்டி எனக்குக் கேக்கணும்லா. எங்க வீட்ல எல்லாமே இம்புட்டுச் சத்தந்தாண்ணே."

அவன் மறுபடி மாட்டிக் கேட்டான். டாக்டர் செருமுவதுகூடச் சுத்தமாகக் கேட்டது. ஒரு டப்பும் இல்லை, டுப்பும் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு முதல் நடை வந்த அன்றைய பேச்சு ஞாபகம் வந்தது. தனக்கு டீச்சர் டிரெயினிங் போகத்தான் ஆசை, அப்பாதான் பிடிவாதமாக இதில் சேர்த்துவிட்டார் என்று அவள் சொல்லியிருந்தாள். அட, சங்கதி அப்படிப் போகிறதா?

டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு, சும்மா கேட்கும்படி ஹெட்போனை அவளிடம் கொடுத்தான். ஸ்குரூ முடுக்குகிற மாதிரி பெட்டிக்குப் பின்னால் குனிந்து, ஹெட்போன் பிளக்கைச் சத்தமில்லாமல் உருவினான். சந்தேகக் கேஸ்களுக்கு என்றே அவன் வைத்திருக்கிற வித்தை அது. "இப்ப எப்படி?"

"இப்பவும் இருக்குண்ணே. எடது பக்கந்தான் சாஸ்தி."

காளிராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. அஞ்சு நடை, மூணு கார்டு! பிளக்கைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினான். அழகுத்தாய் அதையே வெறித்துப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டால் பின்னே எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டான் அவன்.

நேரே முன்னறைக்குப் போய்ப் பால்சாமியின் காதோரம் குனிந்து கத்தினான். "வயரப் பிடுங்கின பொறவும் சத்தம் கேக்குதுங்கா உங்க மக. வேலைக்கு மட்டம் போடப் பொய் சொல்லுதாய்யா. மிசின்ல ஒரு கோளாறும் கிடையாது. இனிமே என்னைக் கூப்பிடாதிய."

பால்சாமி எழுந்து போய் டி.வி.யை அணைத்தார். அந்த வீட்டில் பகல் நேரத்தில் டி.வி. நின்று காளிராஜ் பார்த்ததே இல்லை.

மகளிடம் போய், தன் காதைத் தொட்டுக் காட்டி, இப்பவும் இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. குட்டு உடைந்துவிட்டது, அதுதான் அழுகிறாள் என்று காளிராஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

பால்சாமி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ பொய் சொல்லல தம்பி. மில்லுல என் காதும் இப்படித்தான் போக ஆரம்பிச்சுது."