கைமுட்டியில் ஒரு மலை

மதிய வெயில் நிலவியல் ஆய்வகத்தின் நீண்ட மேசையில் சாய்ந்து விழுகிறது. பாறைத் துண்டுகள் தட்டுகளில் கிடக்கின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவள் அவள். வரைபடத்தின் மேல் குனிந்திருக்கிறாள். வரைபடத் தேர்வில் சென்ற முறை தோற்றாயிற்று. நாளை மறுதேர்வு, அதிலும் தவறினால் படிப்புக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். சம உயரம் காட்டும் கோடுகளுக்கு நடுவே அவள் நீலப் பென்சிலால் இழுத்த ஆற்றைப் பக்கத்து மாணவி எட்டிப் பார்க்கிறாள். “அக்கா, உங்க ஆறு மலையோட முதுகு மேல ஓடுது. தண்ணிக்கு அவ்ளோ திமிரா?” “சிரிக்காதடி. எனக்கு எல்லாமே வெறும் கோடாத்தான் தெரியுது.” சிரிப்பு அடங்குகிறது. “கையை மூடுங்க” என்கிறாள் மாணவி. மூடிய கையைப் பிடித்து, புடைத்த விரல் மொளிகளைச் சுற்றிப் பேனாவால் வளையம் வரைகிறாள். அதற்குக் கீழே இன்னொன்று, இன்னொன்று. பேனா முனை பட்டுக் கை கூசுகிறது. “இப்ப விரிங்க.” விரல்கள் நீள்கின்றன. மலை தட்டையாகிறது, தோலில் கோடுகள் மட்டும் நிற்கின்றன. அவள் மறுபடி மூடுகிறாள், மலை எழும்புகிறது. மொளிகளுக்கு நடுவே கோடுகள் உச்சியை நோக்கி உள்வாங்குகிற இடம் பள்ளமாக இருக்கிறது. மூடுவதும் விரிப்பதுமாக இருக்கிறாள். மாணவியும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவளே அழிப்பானை எடுத்து அந்த ஆற்றை அழிக்கிறாள். நீலப் பென்சில் இம்முறை இரண்டு மேடுகளுக்கு இடையில் இறங்கி, வளைந்து, தாளின் ஓரம்வரை தடையில்லாமல் போகிறது. சரியா என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. “அடுத்த படத்தை எடுடி” என்கிறாள்.