ஏரியைப் பார்த்த சுவர்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சத்தமா சொல்ல முடியாது. ஏன்னு கடைசியில உங்களுக்கே தெரியும்.

கோட்டைக்குப்பத்துல ஏரி ஓரமா ஒரு ஓட்டு வீடு. கிளிஞ்சல் சுண்ணாம்பு வெச்சுக் கட்டினது. தருமனும் அவன் அண்ணனும் பொறந்தது, அண்ணன் கல்யாணம், அண்ணன் சாவு, எல்லாமே அந்த வீட்டுலதான். போன மழையில கூரை உட்கார்ந்துடுச்சு. இடிச்சுட்டுத் தளம் போட்டுக் கட்டணும்னு தருமனுக்கு ஆசை. அவனுக்கு வலைத் தொழில் ஒத்து வரல. வேன் ஏறி கம்பெனி வேலைக்குப் போறவன்.

வீட்டுல பாதி அண்ணி வேலம்மாவுக்குச் சேரணும். பயந்துக்கிட்டேதான் பேச்சை எடுத்தான்.

"இடிச்சுக்கோ தருமா. எனக்குப் பங்கு வேணாம். ஏரியைப் பார்த்த சுவரை மட்டும் உட்டுடு."

"மொட்டைச் சுவரை வெச்சுக்கினு இன்னா அண்ணி பண்ணப் போற?"

"அது பாட்டுக்கு நிக்கட்டும்."

வீடு போச்சு. சுவர் மட்டும் தனியா நின்னுச்சு. தருமன் பெண்டாட்டி மஞ்சுவுக்குத்தான் தூக்கம் வரல.

"உங்க அண்ணன் போய் நாலு வருஷம் ஆச்சு. மத்த சுவரெல்லாம் பேந்து கிடந்தப்பவும் அந்த ஒண்ணுக்கு மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தபா வெள்ளை அடிச்சுதே அந்தம்மா, ஏன்னு கேட்டியா? உள்ள எதுவோ இருக்குதுய்யா."

"எங்க நைனா வலை இழுத்த ஆளு. புதைச்சு வெக்க அவர்கிட்ட இன்னா இருந்துச்சு?"

"பங்கே வேணாம்னு எவளாவது சும்மா சொல்லுவாளா?"

அது தருமன் தலைக்குள்ள பூந்துக்கிச்சு. சுவரைத் தட்டிப் பார்த்தான். ஒரு இடத்துல சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. வேலம்மா திருப்பாலைவனத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்னிக்குக் கடப்பாரையை எடுத்தான்.

உள்ள செங்கல். அதுக்கும் உள்ள செங்கல். ஒரு பல்லி வெளிய ஓடிச்சு, அவ்வளவுதான்.

சாயங்காலம் வேலம்மா வந்து பார்த்தா.

"அதுவா சாஞ்சிடுச்சு அண்ணி."

"கடப்பாரையும் அதுவா வந்து பக்கத்துல சாஞ்சுக்கிச்சா?"



தருமன் மகன் பிரதாப் ஏரியில நண்டு பிடிக்கிறவன். ஊர்ல யார் கூடை காலியா இருந்தாலும் அவன் கூடை ரொம்பி வரும். அவன் மூணு நாளா வெறுந்தோணியோட திரும்பினான். மூணாம் நாள் வலையைச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டான்.

"ஏரி வேணாம் நைனா. நானும் கம்பெனிக்கே வர்றேன்."

வேலம்மா குறுக்க வந்தா. "நாளைக்கு ஒரு நாள் போயிட்டு வாடா. பெரியம்மா சொல்றேன்."

மறுநாள் விடிஞ்சதும், சுவர் இருந்த இடத்துல ரெண்டு உசந்த மூங்கிலை நட்டுக் கொடி கட்டினா. புருஷனோட வெள்ளை வேட்டியை நனைச்சு அகலமா விரிச்சுப் போட்டா.

"செத்தவர் வேட்டியைத் தொவைச்சுக் காயப் போடுறதைப் பாரு"ன்னு மஞ்சு சிரிச்சா.

மத்தியானம் பிரதாப் கூடை ரொம்ப நண்டோட வந்தான். தருமனுக்கு வாய் மூடல.

"எங்கடா கெடைச்சுது?"

பிரதாப் சுத்தும்முத்தும் பார்த்துட்டுக் குரலை இறக்கினான். "ஏரிக்குள்ள ஒரு பள்ளம் இருக்குது நைனா. பெரியப்பா எனக்கு மட்டும் காட்டினது. நம்ம வெள்ளைச் சுவரும் பின்னாடி மாதா கோயில் சிலுவையும் ஒரே நேரா வந்தா, அந்தக் கோட்டுலயே கோல் ஊனிக்கினு போவேன். பள்ளம் வந்துடும். சுவர் இல்லாம மூணு நாளா அலைஞ்சேன். இன்னிக்கு வேட்டி தெரிஞ்சுது."

தருமன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அண்ணிகிட்ட போனான்.

"என் புள்ளைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கடப்பாரையைத் தொட்டிருப்பனா அண்ணி?"

"உன்கிட்ட சொன்னா டீக்கடையில சொன்ன மாதிரி. மறுநாள் ஊரே அங்க வலை போட்டிருக்கும்."

"இனிமே வாயைத் தொறக்க மாட்டேன். வேட்டி காஞ்சிடுச்சே, எடுத்து மடிக்கட்டுமா?"

"புள்ள சாயங்காலம் திரும்ப ஏரிக்குப் போவுதுடா. அதுக்குன்னு காஞ்ச வேட்டி கொடியிலயே கெடந்தா, நாலு பேரு ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

சொல்லிட்டு, காஞ்ச வேட்டியை எடுத்து வாளித் தண்ணியில முக்கிப் பிழிஞ்சு, மறுபடியும் அதே இடத்துல விரிச்சுப் போட்டா வேலம்மா.