அடிப்பலகைக்கு அளவெடுத்த கதை

ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் சக்கரங்களுக்கு மூடி கிடையாது, ஓட்டுபவருக்குக் கூரையும் கிடையாது. ஆனால் அடிவயிற்றில் ஒரு பலகை உண்டு. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் காருக்குப் பலகையா என்று என்னை முறைக்காதீர்கள். அந்தப் பலகைக்கும் பின்னால் நிற்கும் இறக்கைக்கும் நடந்த பேச்சைக் கேளுங்கள்.

விமானத்தின் இறக்கை தூக்கும். இந்த இறக்கை தரையோடு அழுத்தும். “இன்னும் குனிடா மரக்கட்டை! தாழ்ந்தாத்தான் வேகம்!” என்று ஐம்பது சுற்றும் அதட்டியது. பலகை தார்ச்சாலையில் உரசிக்கொண்டே ஓடியது. கார் முதலாவதாக வந்தது.

கோப்பை கொடுத்த பிறகு அதிகாரி ஒருவர் அளவுக் கருவியோடு வந்தார். பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை ஒன்பதுக்குக் கீழே தேய்ந்திருந்தால் காரை அளவுக்கு மீறித் தாழ்த்தி ஓட்டியதாக அர்த்தம். வெற்றி ரத்து.

இறக்கை மெல்லக் குனிந்தது. “அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?”

“இப்பத்தானே மரக்கட்டைன்னே?”

“அது செல்லமாச் சொன்னதுண்ணே. எவ்வளவு மிச்சம் இருக்கீங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? தேய்ஞ்ச பக்கம் கீழே இருக்கு.”

அதிகாரி படுத்து அளந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார்.

“ஒன்பது புள்ளி ஒன்று. சரியாக இருக்கிறது.”

“அப்பாடா!” என்றது பலகை.

இறக்கை அதற்குள் நிமிர்ந்து, பக்கத்துக் காரின் இறக்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தது: “பார்த்தியா, எவ்வளவு பதமா அழுத்தியிருக்கேன்!”