ஓட்டைக் கீரை

கீரைக்காரியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் சோதனைக்காரர்.

தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து, கீரைக் கட்டை மடியில் வைத்து, பழைய குடைக்கம்பியால் இலை இலையாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

"நல்ல கைவேலை. பூ வேலையும் தெரியுமா?" என்றார்.

அவள் கையிலிருந்து கம்பி நழுவியது.

முப்பது வருஷம் தொழிற்சாலையில் திருகாணிகளைத் தரம் பார்த்த கண் அவருடையது. ஓய்வு பெற்ற பிறகு, தெருவுக்குள் நுழையும் எதையும் தரம் பார்க்காமல் விடுவதில்லை. நேற்று வாங்கிய கீரையில் எல்லா ஓட்டையும் ஒரே அளவு. அவருக்குத் தெரிந்து எந்தப் புழுவும் அளவெடுத்துக் கடிப்பதில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி வந்துவிட்டார்.

"ஐயா, தெருவுல சொல்லிடாதீங்க. உங்க தெருவை நம்பித்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது."

"சொல்லாம விடுவேனா? இயற்கை உரம்னு சொல்லிக்கிட்டு, மருந்தடிச்ச கீரைக்குப் புழு வேஷம் போடுற. இன்னைக்கே மானத்தை வாங்குறேன் பாரு."

"மருந்தா? கொஞ்சம் இப்படி வாங்க."

எருக்குழிக்குக் கூட்டிப்போனாள். சாணமும் சருகும் மக்கிக் கறுத்துக் கிடந்தன. ஒரு கை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவசரமாக மூக்கைப் பொத்தினார். பொத்தியிருக்க வேண்டியதில்லை. மழை நனைத்த மண் வாசனைதான் வந்தது. ஒரு மண்புழு நெளிந்து அவர் செருப்பில் விழுந்தது.

பாத்தியில் அவள் புருஷன் குனிந்து, இலைகளைத் திருப்பித் திருப்பிப் பச்சைப் புழுக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். வந்தவர் யாரென்று நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தினமும் ரெண்டு மணி நேரம் இதே வேலை. ஒரு இலையிலகூட ஓட்டை விழ விடமாட்டாரு."

"அவர் விழ விடமாட்டாரு, நீ கம்பியை வெச்சுக் குத்துவியா? என்னம்மா குடும்பம் இது?"

"என்ன செய்யச் சொல்றீங்க? இலை அழகா இருந்தா மருந்தடிச்சதுங்கறாங்க. போன மாசம் ஒரு வாரம் முழுக்கக் கொண்டுபோன கீரை அப்படியே திரும்பி வந்துச்சு. மாடுதான் தின்னு கொழுத்துச்சு. இவர்கிட்ட, பொறுக்கறதை நிறுத்துங்கன்னா, புழுவுக்கா பயிர் வெச்சேன்னு சண்டைக்கு வர்றாரு."

"யார் சொன்னது அழகா இருந்தா மருந்துன்னு?"

"உங்க தெருக்காரர் யாரோதான். வாட்ஸ்அப்புல எழுதியிருக்காராம். ஓட்டை இருந்தாத்தான் இயற்கை உரமாம், ஓட்டை இல்லேன்னா விஷமாம். பெரிய அறிவாளி போல. ஒரு நாள் வந்து இவர்கூடக் குனிஞ்சு நின்னா முதுகும் வளையும், அறிவும் வளரும். உங்களுக்கு அவரைத் தெரியுமாய்யா?"

சோதனைக்காரர் செருமினார். பாத்தியைப் பார்த்தார். குனிந்த அந்த முதுகைப் பார்த்தார்.

"தெருவுல பேச்செடுக்க மாட்டேன்," என்றார் மெதுவாக. "ரெண்டு கட்டு குடும்மா. ஓட்டை கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும். நான் எழுதினதை என் வீட்டுலயும் நம்பித் தொலைச்சுட்டாங்க."