குறை கேட்கும் நாள்

“இந்தத் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கணும்னு காத்திருந்து காத்திருந்து எங்க வீட்டு நாய் தூங்கியே போயிடுது சார்! அவ்வளவு லேட்டா வர்றாரு!”

தையல்காரர் சொன்னதும் தபாலகமே சிரித்தது. சிரிக்காதவர்களில் ஒருவர், தபால் கிளைகளை ஆராய வந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆணைய அதிகாரி. இன்னொருவர் போஸ்ட் மாஸ்டரம்மா.

இந்தக் கிளை அரசாங்கத்திடமே இருப்பதா, மூடிவிட்டுத் தபால் வேலையைத் தனியார் கம்பெனியிடம் கொடுப்பதா என்று இன்றைக்கு முடிவாகும். ஊர் ஜனங்களின் வாய்தான் சாட்சி. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கிளைக்கும் போன மாதம் இதே அதிகாரிதான் வந்தார். இப்போது அங்கே பூட்டு தொங்குகிறது. அங்கே தபால்காரராக இருந்தவர், இந்த ஊர்த் தபால்காரரின் மச்சான்; இப்போது வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

தபால்காரரோ ஜன்னலோரம் கைகட்டி, வேறு யாரையோ திட்டுகிறார்கள் என்பதுபோல நின்றிருந்தார்.

“கேட்டைச் சாத்தவே மாட்டாரு. ஆடு புகுந்து என் ரோஜாச் செடியை மொட்டையடிச்சிடுச்சு,” என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார்.

“பார்சல் மேலயே உட்கார்ந்து கதை பேசுவாரு. எனக்கு வந்த கண்ணாடி அப்பளமா நொறுங்கிடுச்சு,” என்றார் முடிதிருத்துபவர்.

கடைசியாக மருந்துக்கடைக்காரம்மா எழுந்தார். “எம் பொண்ணு போடுற கார்டையெல்லாம் இவரு படிச்சிட்டுத்தான் குடுப்பாரு சார். அவ மாசமா இருக்கான்னு தெரு முனையிலேர்ந்தே கத்திக்கிட்டு வந்தாரு. நான் பாட்டியாகப் போறது எனக்கு முன்னாடி ஊருக்கே தெரிஞ்சிடுச்சு!”

அதிகாரி பேனாவை மூடினார். கூட்டம் கலைந்தது.

போஸ்ட் மாஸ்டரம்மாவால் வாயை அடக்க முடியவில்லை. “சார், அவங்க ஆளைத்தான் திட்டினாங்க, ஆபீஸை இல்ல. லாபம் வராதுன்னு ஆத்தோர வீடுகளுக்குக் கம்பெனிக்காரன் போகவே மாட்டான். அரசாங்கமும் கைவிட்டுட்டா அந்த ஜனங்க எங்க போவாங்க?”

“மூடப்போறேன்னு யாரும்மா சொன்னது?”

அதிகாரி நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

“அக்கரையில எல்லாரும் ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தாங்க. சரி, தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. புழங்காத இடத்துல குறை எப்படி இருக்கும்? இங்க மத்தவங்க சொன்னதெல்லாம் கிடக்கட்டும். ஊருக்கு முன்னாடி தன் வீட்டு விஷயத்தைப் போட்டு உடைச்சுச் சண்டை பிடிச்சாங்களே அந்தம்மா, அதுதான் சாட்சி. தன்னோடதுன்னு நினைக்காத ஒண்ணுக்காக யாரும் அப்படிச் சண்டை போட மாட்டாங்க. கிளை அரசாங்கத்துகிட்டயே இருக்கட்டும்னு எழுதப்போறேன்.”

வாசல்வரை போனவர் தபால்காரரைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா இன்னொரு தடவை கார்டைப் படிச்சதா கேள்விப்பட்டேன், உங்க சீட்டைக் கிழிச்சிடுவேன்.”

ஜீப் கிளம்பியதும் போஸ்ட் மாஸ்டரம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து தையல்காரர் தலையை நீட்டினார். “என்னப்பா, சரியா திட்டினேனா? உன் நாயைக் காட்டுன்னு கேட்டுடுவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நாய்க்கு நான் எங்க போவேன்?”

போஸ்ட் மாஸ்டரம்மா மெல்லத் தபால்காரர் பக்கம் திரும்பினார். “என்னய்யா சொல்றாரு இவரு?”

“மச்சான் வீடு வீடாப் போய் ‘எங்களைப் புகழுங்க’ன்னு கெஞ்சினான் மேடம். கதை முடிஞ்சுது. அதான் நான் வீடு வீடாப் போய் ‘என்னைத் திட்டுங்க’ன்னு கேட்டேன். என்ன சொல்லணும்னும் சொல்லிக் குடுத்தேன்.”

“அடப்பாவி! அப்போ அந்தம்மா சொன்னதும் நாடகமா?”

தபால்காரர் தலையைச் சொறிந்தார்.

“நான் போனப்போ அவங்க கடை மட்டும் பூட்டியிருந்துச்சு மேடம்.”