இரண்டு அங்குலம்

காலையிலிருந்து மணற்குழி ஓரத்தில் குந்திக் குந்தி அளந்ததில் என் முழங்கால்கள் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. 1934ஆம் ஆண்டு, இலங்கையில் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி. நீளம் பாய்தலில் முதலாவதாக வரும் பிள்ளைக்குத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஒரு புதுக் கம்பளி தருவதாகச் சொல்லியிருந்தார்.

தோட்ட ஆபீஸ் கிளாக்கரின் மகள் டொரதி பாய்ந்தது பதினோரு அடி எட்டு அங்குலம். கடைசியாகப் பாய்ந்த, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை பரிமளத்துக்குப் பதினோரு அடி ஏழு அங்குலம் என்று எழுதினேன். கம்பளி டொரதியின் கைக்குப் போனது.

“ஐயா, எங்க புள்ள தாண்டி விழுந்தத எல்லாரும் பார்த்தோம். நாடா என்னா காட்டுச்சு?” என்று பரிமளத்தின் மாமன் வீரய்யா கேட்டான்.

“எழுதினதுதான்,” என்றேன்.

பரிமளம் பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். “விடுங்க மாமா. கூடைப் பாரத்துக்குன்னு ரெண்டு கழிச்சிருப்பாரு. அம்மாவோட கொழுந்த நிறுக்கையிலயும் அப்படித்தானே ரெண்டு றாத்தல் கழிக்கிறாரு.”

“நீ எந்தக் கூடையச் சொமந்துக்கிட்டுப் பாஞ்ச?” என்றான் வீரய்யா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாடா ஒன்பது அங்குலம் காட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏழு வருஷமாக இங்கே கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை நான். லயத்துக்காரர் பெயருக்கு நேரே இரண்டைக் குறைத்தே எழுதிப் பழகிய கை இது.

துரை பக்கத்தில்தான் நின்றார். நான் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பரிமளத்துக்கு ஒரு கம்பளி பாக்கி. வெறுங்கூடையின் பாரம் ஒரு றாத்தல்தான் என்பதால், அவள் அம்மா இரத்தினம்மாவுக்கு நாளுக்கு ஒரு றாத்தல் வீதம் ஏழு வருஷக் கொழுந்தும் பாக்கி.