பரோலோ

அழைக்காத திறப்பு விழாவுக்கு வந்து நிற்கிறார் சிகாமணி. காங்கேயம் ரோட்டைப் பார்த்த கண்ணாடி அறை, கீழே ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சல். ஒரு வார்த்தை சொல்லாமல் பிரிந்து புது பனியன் கம்பெனி போட்டுவிட்ட கூட்டாளி ரங்கநாதன், அவருடைய தங்கை புருஷன், நாற்காலியிலிருந்து பதறி எழுகிறான். எதிரே இத்தனை காலம் இருவருக்கும் பொதுவாக இருந்த பனியன் வாங்கும் இத்தாலி பையர் லூக்கா. மேசைமேல் அந்த பரோலோ பாட்டில், திறந்தபடி. முதல் ஆர்டர் கப்பலேறியபோது லூக்கா கொடுத்த ஒயின் அது. "எங்க ஊர் மலைச்சரிவில், சுண்ணாம்பு மண்ணில், மூடுபனிக்குள் பழுத்த திராட்சை. இளசில் நாக்கைப் பிடிக்கும். பத்து வருடம் பொறுத்து இருவரும் சேர்ந்து திறங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தார். பழைய ஆபீஸ் பீரோவின் இருட்டில் வெயில் படாமல் அதைப் பார்த்துக்கொண்டவர் சிகாமணி.

"உங்களுக்குத்தான் குடிப்பழக்கமே இல்லீங்களே மச்சா, அதுதானுங்க…" என்று இழுக்கிறான் ரங்கநாதன். லூக்கா தலை நிமிரவில்லை.

சிகாமணி ரங்கநாதனின் கிளாஸையே எடுக்கிறார். மாலை வெயிலில் அது பழைய செங்கல்லின் நிறம். முதல் வாய் கொட்டைப்பாக்காகத் துவர்க்கிறது. விழுங்கியபின் காய்ந்த ரோஜா இதழின் மணம் மெல்ல எழுந்து தொண்டையிலேயே நிற்கிறது. இவ்வளவு நன்றாக இருக்குமென்று அவர் நினைக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க, ரங்கநாதன்" என்கிறார். கல்யாணத்தன்றிலிருந்து அந்த வாயிலிருந்து மாப்ள என்றே கேட்டுப் பழகியவன், நின்ற இடத்திலேயே முகம் வெளுக்கிறான்.